முதல் வரியைப் பாருங்கள்

கேள்வி: புதுமைப்பித்தன் கதைகளை மின்நூலாக வாங்கினேன். ஆறு மாதம் கழித்து வேறு தலைப்பு, வேறு அட்டை, வேறு எண்ணோடு இன்னொன்று கண்ணில் பட்டது. விட்டுப்போன கதைகளாக இருக்கும் என்று அதையும் வாங்கினேன். திறந்தால் அதே கதைகள்தான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. எண் வேறென்றால் புத்தகமும் வேறு இல்லையா?
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: இல்லை அம்மா. எண் பதிப்புக்கு உரியது, கதைக்கு உரியது அல்ல. ஒரே நாவல் அச்சில் வந்தால் ஒரு ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்குத் தரும் அடையாள எண்), மின்நூலானால் இன்னொன்று, தலைப்பை மாற்றினால் மறுபடியும் புதிது. விதியே அப்படித்தான். அந்த 13 இலக்கத்தில் 978-க்கு அடுத்து 81 அல்லது 93 இருந்தால் இந்தியப் பதிப்பு என்று தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் ஐ.எஸ்.பி.என். இல்லாமலே வெளியிடலாம், அமேசானே ஏசின் என்று 10 இடக் குறியீடு ஒன்று கொடுத்துவிடும். அதே கோப்பைப் புதிய நூலாக ஏற்றினால் புது ஏசின். நீங்கள் அடிக்கோடிட்டதெல்லாம் பழையதிலேயே நின்றுவிடும்.

நான் பாளையங்கோட்டையில் நூலகராக இருந்தபோது அச்சுப் புத்தகத்திலேயே இப்படி ஏமாந்திருக்கிறேன். ஒரு நாவலை இரண்டு பெயரில் இரண்டு தடவை வாங்கிவிட்டோம். கண்டுபிடித்தது நான் அல்ல. மேலப்பாளையத்திலிருந்து வரும் ஒரு அக்கா, பீடி சுற்றுகிறவர், எடுத்துப்போன மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். "சார், இத போன வருஷமே படிச்சாச்சு. மொத வரியில வண்டிமாடு நொண்டுதுல்லா, அதே மாடுதான்." இரண்டையும் மேசையில் விரித்துப் பார்த்தேன். 'தாமிரபரணி'யில் ஒரு 'ர' விழுந்துபோன அச்சுப்பிழைகூட அதே இடத்தில் இருந்தது. அன்றைக்கே இரண்டு அட்டையிலும் பென்சிலால் 'முந்தைய தலைப்பு' என்று குறித்து வைத்தேன்.

புதுமைப்பித்தன் மறைந்தது 1948-ல். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரைதான் நம் நாட்டில் காப்புரிமை. ஆகவே இன்று அவர் கதைகளை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். நல்லதுதான், நம்மூர்க்காரர் எழுத்து நாலு பேர் கைக்குப் போகட்டும். ஆனால் புதுப் பெயர் வைக்கிறவர், இவை முன்பு எந்தத் தொகுப்பில் வந்தவை என்று ஒரு வரி போடக் கூடாதா? பென்ஷன் பணத்தில் மாதம் ஒரு புத்தகம் வாங்குகிறவரை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி வாங்குமுன் மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள். பொருளடக்கம், அப்புறம் முதல் கதையின் முதல் வரி, இரண்டையும் கையில் இருக்கும் தொகுப்பின் எல்லாக் கதைகளோடும் ஒப்பிடுங்கள். கதையின் தலைப்பைக்கூட மாற்றுகிறார்கள். முதல் வரியில் கை வைப்பவர் குறைவு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தளத்தில் பழைய நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கேயும் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

கேள்வி: என் மின்நூலின் தலைப்பு எடுபடவில்லை. மாற்றி வெளியிடலாமா?
- ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தாராளமாக மாற்றுங்கள். புதுத் தலைப்புக்குக் கீழேயே 'முன்பு இன்ன பெயரில், இன்ன ஆண்டு வெளிவந்தது' என்று போடுங்கள். உள்ளே எங்கோ ஒரு மூலையில் அல்ல, வாங்குகிறவர் பணம் கட்டுமுன் படிக்கிற அறிமுகக் குறிப்பிலும் அது இருக்கட்டும். பழைய பதிப்பை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள்.