ஸ்பாக்கின் மரணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். விடுமுறைக்கு வந்த பேரன், விண்கப்பலில் பயணம் போகிறவர்களின் கதையான 'ஸ்டார் டிரெக்' படங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினான். 1979-இல் வந்த முதல் படத்தில் பாதியிலேயே தூங்கிப்போனேன். 1982-இல் வந்த இரண்டாவது படத்தில் கப்பல் அதிகாரி ஸ்பாக் இறக்கும் இடத்தில் அவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "பழைய டிவி தொடரைப் பார்த்திருந்தால்தான் ஆயா புரியும்" என்கிறான். வேறொன்றைப் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்றால், அதை எப்படி நல்ல படம் என்பது?

ஒரு வாசகி,
டோங்காட், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அம்மா,

அந்த இடத்தில் முதல் தடவை நானும் அழவில்லை. எண்பதுகளில் டர்பன் தியேட்டர் ஒன்றில் பார்த்தேன். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வயது. அமெரிக்காவில் அந்தத் தொடர் 1966-இல் தொடங்கி 1969-இல் முடிந்துவிட்டது. நம் தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976 ஜனவரியில்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்பாக்கும் இந்தப் பக்கம் கேப்டன் கிர்க்கும் கையைப் பொருத்தி நிற்கும்போது, நன்றாக நடிக்கிறார்கள் என்று மட்டும் நினைத்தேன். பல வருடம் கழித்து, வீடியோ கடையிலிருந்து கேசட் கேசட்டாக எடுத்துவந்து தொடரைப் பார்த்தேன். பிறகு அந்தப் படத்தை மறுபடி போட்டபோது அழுகையை அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் முரண்பட்டதையும், சதுரங்கம் ஆடியதையும், ஒருவரை ஒருவர் காப்பாற்றியதையும் அதற்குள் பார்த்திருந்தேன்.

முதல் படத்தில் நீங்கள் தூங்கியதற்குக் காரணம் உண்டு. 1977-இல் பாரமவுண்ட் பட நிறுவனம் புதுத் தொடர் ஒன்றுக்குத் திட்டம் போட்டது. அதன் தொடக்கத்துக்கு எழுதிய கதையைத்தான், 'ஸ்டார் வார்ஸ்' வசூலைக் குவித்த பிறகு, நாலு கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் படமாக்கினார்கள். ஆட்களைக் கூட்டுவதிலும் கப்பலைச் சுற்றிக்காட்டுவதிலுமே பொழுது போய்விடுகிறது. தொடர்போல அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தால் அது பொருந்தும்.

இரண்டாவது படத்தைத் தயாரித்த ஹார்வ் பென்னட் டிவியிலிருந்து வந்தவர். பழைய 79 எபிசோடுகளையும் உட்கார்ந்து பார்த்தார். 1967-இல் வந்த எபிசோடு ஒன்றில், கான் என்ற எதிரியை அவன் ஆட்களோடு ஆளில்லாக் கிரகத்தில் விட்டுவிட கிர்க் முடிவெடுக்கிறார். இன்று போட்ட விதை நூறு வருடம் கழித்து என்னவாக முளைத்திருக்கும் என்று ஸ்பாக் யோசிப்பதோடு அது முடிகிறது. அந்த விதையைப் பென்னட் எடுத்துக்கொண்டார். செலவு முதல் படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கானை முன்பின் தெரியாதவர்களுக்கும் பழிவாங்கும் கதை விளங்குகிறது; தெரிந்தவர்களுக்குக் கூடுதலாக வலிக்கிறது. அதனால் நல்ல படம் என்றே சொல்வேன்.

தொடரிடம் வாங்கியதைப் படங்கள் திருப்பியும் கொடுத்தன. 1987-இல் தொடங்கிய புதுத் தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னின் முகப்பு இசை, 1979 படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் போட்டதுதான். கிளிங்கன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் மேடு பள்ளமான நெற்றியும் அந்தப் படத்தில் வந்தது. அவர்கள் மொழியை 1984 படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் இலக்கணத்தோடு உருவாக்கினார்.

என் மனத்தாங்கலெல்லாம் 1994 மேல். ஏழு சீசன் ஓடி நல்ல பேரோடு இருந்த அந்தப் புதுத் தொடரை முடித்து, அதே வருடம் அதே ஆட்களைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். தொடரில் டாக்டருக்கு ஒரு வாரம், என்ஜினியருக்கு ஒரு வாரம் என்று எல்லோருக்கும் முறை வந்தது. படங்களிலோ கேப்டன் பிக்கார்டும் மனித உருவ இயந்திரமான டேட்டாவுமே பெரும்பாலான இடத்தை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் கிரஷர் அங்கங்கே வந்து நின்றுவிட்டுப் போகிறார். அந்த இழப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

2009 படத்தில் ரோமுலஸ் என்ற உலகமே அழிகிறது. சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 2020-இல் வந்த 'பிக்கார்ட்' தொடர்தான் அங்கிருந்து தப்பியவர்களைத் தேடிப் போனது. அகதிகளாய் எங்கோ கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டவர்கள். காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பாதியில் கைவிட்டவர்கள் மேல் அவர்களுக்குள்ள கசப்பு. என் ஆயாவை 1960-களில் நிறவெறி அரசு டர்பனின் காட்டோ மேனரிலிருந்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியது. லாரியில் சாமான் ஏற்றிய அந்த நாளை ஒரு படத்தில் காட்டிவிடலாம். விட்டுவந்த மாமரத்தைப் பற்றி ஆயா இருபது வருடம் பேசிக்கொண்டிருந்தார். அதற்குத் தொடர்தான் வேண்டும்.

பேரன் ஊருக்குப் போவதற்குள் அவனோடு இரண்டு எபிசோடு பாருங்கள். ஒன்று, கான் வரும் 'ஸ்பேஸ் சீட்'. இன்னொன்று 'அமோக் டைம்': கிர்க் இறந்துவிட்டார் என்று நம்பிய ஸ்பாக், எப்போதும் உணர்ச்சியைக் காட்டாதவர், அவரை உயிரோடு பார்த்ததும் தன்னை மறந்து சிரித்துவிடுவார். பிறகு அந்தக் கண்ணாடிக் காட்சியை மறுபடி போடச் சொல்லுங்கள்.