பயணத்தில் கிடைக்கும் மனநிறைவு, நகரத்துக்குத் திரும்பியதும் எங்கே போய்விடுகிறது?

வெளியூரில் இருக்கும்வரை எதுவும் வாங்கத் தோன்றவில்லை, மனம் நிறைந்திருந்தது. வீடு திரும்பியதும் அது வேண்டும், இது வேண்டும் என்ற அரிப்பு மறுபடி தொடங்கிவிட்டது, நகரத்தை விட்டே போனால்தான் நிம்மதியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போக வேண்டியதில்லை என்பது என் பதில். பயணம் நமக்குப் புதிதாக எதையோ கொடுப்பதாக நான் நினைக்கவில்லை. ஆசையைக் கிளப்பிவிடும் சிலவற்றைக் கொஞ்ச நாள் நம்மிடமிருந்து விலக்கி வைக்கிறது. அவ்வளவுதான்.

பையையே பாருங்கள். தோளில் தூக்கக்கூடிய ஒரே பை, அதில் இரண்டு மூன்று சட்டைகள். இரவு அறைக்குத் திரும்பியதும் ஒன்றைச் சோப்புப் போட்டு அலசிப் பிழிந்து ஜன்னல் கம்பியில் விரித்துவிட்டுப் படுத்தால், விடியும்போது காலரிலும் தையலிலும் மட்டும் லேசான ஈரம் மிச்சமிருக்கும். அதையே போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். கடையில் ஒரு பொருள் பிடித்துப்போனாலும், நாளைக்கு இதையும் சுமந்துகொண்டு படியேற வேண்டுமே என்று தோள் முந்திக்கொள்கிறது. பொருளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடக்கிறோம். பத்தடி போவதற்குள் அது மறந்தும் போகிறது. வீட்டில் அப்படித் தடுக்க எதுவும் இல்லை. அலமாரி நிறைந்தால் இன்னொரு அலமாரி வாங்குகிறோம்.

வாங்கிய பொருள் சும்மா இருப்பதும் இல்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ 1769இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் புலம்பியிருக்கிறார். வீட்டில் அணிய ஒரு புது அங்கி வந்தது. அதன் பகட்டுக்கு முன் பழைய வைக்கோல் நாற்காலி சோபையிழந்து தெரிய, அந்த இடத்துக்குத் தோல் நாற்காலி வந்தது, மேசையும் மாறியது, அறையே மாறியது. பழைய அங்கிக்கு எஜமானாக இருந்தவன் புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்கிறார். புதுத் திரைச்சீலை மாட்டிய கையோடு சுவருக்கு வண்ணம் பூசத் தோன்றிய எவருக்கும் இது புரியும்.

இதைச் சொன்னால், போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று சொல்லிப் பலர் பேச்சை முடித்துவிடுவார்கள். அந்தப் பழமொழி எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை மட்டும் சொன்னால் பழி முழுவதும் தனிமனிதர் மேல் விழுகிறது. போதாது என்ற எண்ணத்தை உண்டாக்குவதையே தொழிலாகச் செய்பவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். விமான நிலையத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1947இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் வரியில்லாமல் பொருள் விற்கும் உலகின் முதல் டூட்டி ஃப்ரீ கடை திறக்கப்பட்டது. விரும்பியவர் எட்டிப்பார்க்கும் கடையாக இருந்த அது, இன்று பல விமான நிலையங்களில் வழியாகவே ஆகிவிட்டது. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, பெல்ட்டை மாட்டி, அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில், வாசனைத் திரவியங்களும் சாக்லேட்டும் அடுக்கிய நடைபாதைக்குள் புகுந்துதான் விமானத்துக்குப் போக வேண்டும்.

மால்களும் அப்படியே. அமெரிக்காவில் முழுக்க ஒரே கூரைக்குள் அமைந்த முதல் மாலான சவுத்டேலை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் குரூயன். 1956இல் அது திறக்கப்பட்டது. மக்கள் கூடிப் பேசிக் களிக்கும் ஊர்ச் சதுக்கமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் கனவு. கடைசியில் மிஞ்சியது கடைகள் மட்டுமே. தன் எண்ணத்தைச் சிதைத்துவிட்டார்கள் என்று பிற்காலத்தில் அவரே வெறுத்துப் பேசினார். எதற்காக வந்தோம் என்பதை மறந்து கண்ணில் பட்டதை வாங்கத் தொடங்கும் நிலைக்கு இன்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தமான கதை.

மனிதர் அமைத்ததை மனிதரால் மாற்றவும் முடியும். பிரேசிலின் சாவோ பாவ்லோ, உலகின் மிகப்பெரிய நகரங்களில் ஒன்று, 2007 முதல் பொது இடங்களில் விளம்பரப் பலகைகளைத் தடை செய்தது. ஆயிரக்கணக்கான பலகைகள் இறங்கின. அவற்றின் பின்னால் இத்தனை காலம் மறைந்திருந்த சுவர்களும் வீடுகளும் கண்ணில் பட்டன. ஒரு பெருநகரம் தன் மக்களின் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க முடிவு செய்தது எவ்வளவு பெரிய விஷயம்!

பயணிகள் அடிக்கடி சொல்லும் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை: "அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தவரின் கடன் எவ்வளவு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனை எத்தனை தொலைவு என்பதெல்லாம் அரை நாள் தங்கிப் போகிறவருக்குத் தெரியாது. அடுத்தவர் வறுமையிலிருந்து நம் நிம்மதிக்குப் பாடம் எடுப்பது நியாயமில்லை. தேவைக்கு இருப்பவர் நிறுத்திக்கொள்வதும், தேவைக்கே இல்லாதவர் பொறுத்துக்கொள்வதும் ஒன்றாகாது.

பயணமும் வாங்கிக் குவிக்கும் பண்டமாகிவிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை நாடு பார்த்தாய் என்று எண்ணத் தொடங்கினால் அதுவும் அலமாரிதான். 1978இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், லாட்டரியில் பெரும்பணம் வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைந்தே இருந்தது. பெரிய பயணங்களை மட்டுமே எதிர்பார்த்து வாழ்பவர்களுக்கு, சாதாரணச் செவ்வாய்க்கிழமைகள் அப்படித்தான் வெளிறிப் போகின்றன என்பது என் எண்ணம்.

ஆகவே நகரத்தில் இருந்துகொண்டே பையின் விதியைக் கடைப்பிடித்துப் பாருங்கள். கைபேசியில் கடைகளின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். வேண்டும் என்று தோன்றியதைத் தேதியோடு எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்தும் வேண்டியிருந்தால் வாங்குங்கள். நகரத்தைப் பகையாகவும் பார்க்காதீர்கள். சொந்தமாக மிகக் குறைவாக வைத்துக்கொண்டு வாழ ஏற்ற இடம் நகரம்தான்: புத்தகத்துக்கு நூலகம், உலாவப் பூங்கா, போய்வரப் பஸ். இவற்றில் எதையும் வீட்டில் வைத்துத் தூசு தட்ட வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே தனி வீடு பார்த்துப் போனால், முதல் வாரமே சொந்த வண்டி தேவைப்படலாம்.