பி.எட்.டா, பாலிமர் ஆராய்ச்சியா? குலசேகரத்து அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, மகளை எம்.எஸ்சி. வேதியியலோடு பி.எட். சேரச் சொன்னால், ‘பாலிமர் கரைசல்களின் வெப்ப இயக்கவியல், கடத்துப் பண்புகள்’ என்று பிஎச்.டி. தலைப்பு ஒன்றைக் காட்டுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தலைப்புதான் மிரட்டுகிறது. சரக்கு உங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இருப்பது. பாலிமர் என்றால் சின்ன அலகுகள் சங்கிலியாய்க் கோத்த நீள மூலக்கூறு; ரப்பரும் அதில் ஒன்று.

பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், ரப்பரைக் கரைப்பானில் கரைத்ததுதான். உலர்ந்த ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை டொலுவீன் என்கிற கரைப்பானில் போட்டால் முதலில் ஊதும், அப்புறம்தான் மெல்லக் கரையத் தொடங்கும். கொஞ்சம் ரப்பரே திரவத்தைக் கெட்டியாக்கிவிடும். எதில், எந்தச் சூட்டில் கரையும் என்பது வெப்ப இயக்கவியல்; கரைந்தது எப்படி ஓடும், எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது கடத்துப் பண்பு. இதற்கான அடிப்படைக் கணக்கை 1940களின் தொடக்கத்தில் ஃபுளோரி, ஹக்கின்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியே போட்டார்கள்; ஃபுளோரிக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது. (சிரட்டையில் வடிகிற பால் கரைசலா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். இல்லை, தண்ணீரில் ரப்பர்த் துகள்கள் மிதப்பது என்று சொன்னால் பிள்ளை தேறிவிடும்.)

வேலை உண்டா? பெயின்ட், பசை, ஷாம்பு, மாத்திரை மேல்பூச்சு என எல்லாவற்றிலும் பாகுநிலையை (திரவம் எவ்வளவு கெட்டி என்பதை) அளந்து சரிசெய்ய ஆள் வேண்டும். ராக்கெட்டின் திட எரிபொருளைப் பிணைத்து வைப்பதும் ஒரு பாலிமர்தான். இடமும் தூரமில்லை. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகும் வழியிலேயே பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் இருக்கிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) பாலிமருக்கும் ரப்பருக்கும் தனித் துறையே உண்டு. கோட்டயத்தில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம்.

என் கவலை வேறு. அடர்த்தி, மீயொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) வேகம், பாகுநிலை மூன்றையும் அளந்து, கரைப்பானை மாற்றி மாற்றி அட்டவணை போட்டே முடிந்துபோகும் ஆய்வேடுகள் நம் பக்கத்தில் நிறைய. அதை நம்பி எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. அதனால் வழிகாட்டிப் பேராசிரியரின் ஆய்வகத்தில் ரியோமீட்டர் (கரைசல் எப்படி ஓடுகிறது என்று அளப்பது), ஒளிச்சிதறல் கருவி (மூலக்கூறின் அளவைக் காட்டுவது) இருக்கிறதா, மாணவர்களே கை வைத்து இயக்குகிறார்களா, போன மாணவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று மகள் நேரில் போய் விசாரிக்கட்டும். பேராசிரியரிடம் கேட்பதைவிட அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேட்பது நல்லது.

இன்னொன்று, காசு. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. உதவித்தொகை எதுவும் இல்லாமல், ரப்பர் விற்ற காசில் பிஎச்.டி. வேண்டாம் என்பேன். இந்த வருடம் நெட், கேட் (இன்னொரு தேசிய நுழைவுத் தேர்வு) இரண்டும் எழுதட்டும். இரண்டிலும் வராவிட்டால் பி.எட். விண்ணப்பம் போடலாம், அதற்கு நானே உதவுகிறேன்.