எட்டு கேமராவும் ஒரு பின்கதவும்

கேள்வி: சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். முன்னால் ரோலிங் ஷட்டர், பின்னால் ஒரு இரும்புக் கதவு, மேலே தகர ஷீட். பின்பக்கம் 30 மீட்டர் தள்ளி ஒரு ஷெட்டில் பித்தளை, செப்புக் கம்பி எல்லாம் கிடக்கிறது. போன மாதம் பக்கத்துப் பட்டறையில் இரவில் புகுந்து கிரைண்டர், டிரில்லிங் மெஷின், கேபிள் என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பயந்துபோய் ஒருவரிடம் கொட்டேஷன் கேட்டேன். 8 மெகாபிக்சலில் எட்டு வைஃபை கேமரா, ஒரு ரெக்கார்டர், மாட்டித் தருவது இலவசம் என்கிறார். கேமரா இருந்தால் அலாரம் தேவையில்லை, எல்லாம் போனிலேயே தெரியும் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அவர் சொன்னதில் ஷட்டரையும் பின்கதவையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா? பட்டறையை நேரில் வந்து பார்த்தவர் முதலில் பின்கதவின் தாழ்ப்பாளைத்தான் பார்த்திருப்பார். இது போனில் உங்கள் இடத்தின் அளவைக் கேட்டுவிட்டு எழுதிய கொட்டேஷன் மாதிரி இருக்கிறது.

திருட்டு நடந்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வீடியோவைத்தான் காட்டுகிறார்கள். தொப்பி போட்ட இரண்டு பேர் நிதானமாகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போவது அழகாகப் பதிவாகியிருக்கும். உரிமையாளர் அதைப் பார்ப்பது காலையில் எழுந்து போனைக் கையில் எடுத்தபோது. இரவு இரண்டு மணிக்கு வந்த நோட்டிஃபிகேஷன் அவரை எழுப்பவில்லை. அதற்கு முந்தைய வாரம் பூனைக்கும் விட்டில்பூச்சிக்கும் நூறு தடவை வந்ததால், அதன் சத்தத்தை அவரே அணைத்து வைத்திருந்தார். கேமரா நடந்ததைச் சொல்லும். நடக்கும்போதே ஊரைக் கூட்டுவது சைரன். அதனால் உங்கள் பணம் முதலில் கதவுக்கும் பூட்டுக்கும் போகட்டும், அடுத்து அலாரத்துக்கு. மீதியில் கேமரா.

அலாரத்தில் உங்களுக்குத் தேவையானது பெரிய விஷயம் இல்லை. ஷட்டரிலும் பின்கதவிலும் தலா ஒரு காந்த சென்சார், திறந்ததும் அது பெட்டிக்குச் சொல்லிவிடும். சாதாரண மரக்கதவுக்கு விற்கும் குட்டி சென்சாரை இரும்புக் கதவில் ஒட்டினால் இரும்பு காந்தத்தை இழுத்துக்கொண்டு தொல்லை கொடுக்கும். இரும்புக் கதவுக்கென்று, ஷட்டருக்கென்று தனியாகக் கனமான வகை உண்டு, அதைக் கேளுங்கள். ஆனால் உங்கள் கூரை தகர ஷீட். நாலு போல்ட்டைக் கழற்றினால் மேலிருந்து இறங்கிவிடலாம், கதவு சென்சாருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே உள்ளே ஆள் நடமாட்டத்தைப் பிடிக்கும் சென்சார் கட்டாயம் வேண்டும். எந்த வழியாக வந்தாலும் சாமான் இருக்கும் இடத்துக்குத் திருடன் வந்துதானே ஆக வேண்டும்?

அந்த நடமாட்ட சென்சார் உடம்புச் சூட்டைப் பார்த்து வேலை செய்வது. வேலை முடித்து மூடும்போது மெஷின்கள் சூடாக இருக்கும், ஆற ஆற அது குழம்பலாம். வெயில் காலத்தில் உள்ளே இருக்கும் காற்றே உடம்பு அளவுக்குச் சூடாகிவிட்டால் ஆளைப் பிரித்துப் பார்க்கத் தடுமாறும். வீண் அலறலைக் குறைக்க மைக்ரோவேவ் அலையையும் சேர்த்து, இரண்டும் ஒத்துக்கொண்டால் மட்டும் கத்தும் வகை ஒன்று இருக்கிறது. அதையே வாங்குங்கள். மைக்ரோவேவ் மட்டும் இருப்பதை வாங்கிவிடாதீர்கள், காற்றில் ஷீட் அதிர்ந்தாலே போதும், இரவெல்லாம் அலறும். ஆள் சென்சாரை நோக்கி நேராக வருவதைவிடக் குறுக்கே நடப்பதைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். எதிர்ச் சுவரில் மாட்டுவதா பக்கச் சுவரில் மாட்டுவதா என்பதை இதை வைத்து முடிவு செய்ய வேண்டும். மாட்ட வருகிற பையன் ஒயர் எங்கே எட்டுகிறதோ அங்கே மாட்டுவான். நீங்கள் கூடவே நில்லுங்கள்.

சைரன் இரண்டு வேண்டும். ஒன்று உள்ளே, திருடன் காது கிழிய. இன்னொன்று வெளியே, உயரத்தில், தனக்கென்று பேட்டரியோடு, ஒயரை வெட்டினாலும் கத்தும் வகை. அலாரத்தை இயக்கும் பெட்டியை வாசலருகே மாட்டும் பழக்கம் எப்படி வந்ததோ தெரியவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து எண்ணை அழுத்துவதற்கு உங்களுக்கு அரை நிமிடம் கொடுக்கிறதே, அதே அரை நிமிடம் சுத்தியலோடு வருபவனுக்கும் கிடைக்கிறது. வாசலில் எண் அழுத்தும் பலகை மட்டும் போதும், பெட்டி உள்ளே கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

அலாரம் உங்களுக்குப் போன் செய்வது ஒரு சிம் கார்டு வழியாக. இங்கே இரண்டு கோளாறு. பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்திவிட்டார்கள், நிறுத்திக்கொண்டும் இருக்கிறார்கள். பழைய 2ஜி பெட்டிகளை இன்னும் தள்ளிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், 4ஜி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இன்னொன்று, அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிடுவது. சிரிக்காதீர்கள், நான் பார்த்த ஊமை அலாரங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். மீதி, உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி செத்துப்போனது. ஈய பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான் தாங்கும். மாட்டிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். எட்டு எதற்கு? பட்டறைக்குள் நான்கு போதும்: ஷட்டர் வழியாக வருகிறவர் முகத்துக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, மெஷின்கள் இருக்கும் தளம் முழுவதற்கும் ஒன்று, கருவி அலமாரிக்கு ஒன்று. எண்ணிக்கையைக் கூட்டினால் அவருக்கு லாபம் கூடும், உங்களுக்குப் பார்க்க வேண்டிய வீடியோ கூடும்.

மெகாபிக்சலைக் காட்டித்தான் எல்லாரையும் மடக்குகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது லென்ஸ். கேமரா கண்காணிப்புக்கென்று ஐஇசி 62676-4 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை முகம் வைத்து அடையாளம் காட்ட, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 250 புள்ளிகள் (பிக்சல்) விழ வேண்டும் என்பது அதன் 2014 பதிப்பில் வரும் அளவு. கொட்டேஷனில் இருக்கும் கேமராக்களில் பெரும்பாலும் 2.8 மிமீ லென்ஸ்தான் வரும். அது சுமார் 100 டிகிரி அகலத்தைப் பார்க்கும். 10 மீட்டர் தூரத்தில் அந்த அகலம் ஏறக்குறைய 24 மீட்டர். 8 மெகாபிக்சல் என்பது குறுக்கே 3840 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு 160தான் வருகிறது. அதே தூரத்தில் 4 மெகாபிக்சல் கேமராவில் 6 மிமீ லென்ஸ் போட்டால் அகலம் சுமார் 9 அல்லது 10 மீட்டராகச் சுருங்கி, மீட்டருக்கு 250ஐத் தாண்டிவிடும். பாதி மெகாபிக்சல்தான், ஆனால் முகம் தெளிவு. தளம் முழுவதையும் காட்டும் கேமராவுக்கு 2.8 மிமீ இருக்கட்டும். வாசல்களுக்கு 4 அல்லது 6.

முகம் பிடிக்க வேண்டிய கேமராவை இரண்டரை மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். கூரையோரம் மாட்டினால் திருடனின் தொப்பிதான் கிடைக்கும். ஷட்டரைப் பார்க்கும் கேமராவில் 120 டெசிபெல் டபிள்யூடிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் சமன்செய்யும்) வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் பகலில் ஷட்டர் திறந்ததும் வெளிச்சத்தில் ஆட்கள் கரும்பொம்மையாகத் தெரிவார்கள். கண்ணாடிக் குமிழ் வடிவ கேமரா பட்டறைக்கு ஆகாது. எண்ணெய்ப் புகையும் கிரைண்டிங் தூசும் குமிழில் படிந்து, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் படம் பால்போல வெளுத்துவிடும். எந்த கேமராவானாலும் மாதம் ஒருமுறை துணியால் துடைத்து, சிலந்திவலையை எடுத்துவிடுங்கள். வெல்டிங் வைக்கும் மேஜையை நேருக்கு நேர் பார்க்கும்படி எதையும் மாட்ட வேண்டாம். கடையில் பகல் வெளிச்சத்தில் காட்டும் டெமோவைப் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒருவரை நடக்கச் சொல்லி, ஓடுகிற படத்தை நிறுத்தி முகத்தைப் பாருங்கள். நிற்கிற ஆள் தெளிவாகத் தெரிவார், நடக்கும்போதுதான் குட்டு உடையும்.

ரெக்கார்டரில் எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கேட்டால் "ஒரு மாசம் நிக்கும் சார்" என்பார்கள். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் நாளொன்றுக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 2 டிபி டிஸ்க் பதினோரு நாள் சொச்சம்தான் தாங்கும். எச்.265 என்ற வீடியோவைச் சுருக்கும் முறையில் பதிவு செய்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். டிஸ்க் கண்காணிப்புக்கென்று தயாரித்ததாக இருக்கட்டும். ரெக்கார்டரை மேஜை மேல் வைத்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். இரும்புப் பெட்டிக்குள் பூட்டுங்கள், முக்கியமான இரண்டு கேமராவின் பதிவாவது வெளியே ஓரிடத்தில் சேமிக்கப்படட்டும்.

இனி அந்த இலவசத்துக்கு வருகிறேன். மாட்டித் தருவது இலவசம் என்றால் காசு கேபிளில் எடுக்கப்படும். செப்புப் பூச்சுப் பூசிய அலுமினியக் கம்பியை, முழுச் செப்பு என்று சொல்லி இழுத்துவிடுவார்கள். ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும்போது இது சூடாகும், வோல்ட் குறையும், வளைத்தால் ஒடியும். பகலில் நன்றாக ஓடி, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறது என்று வருகிற புகாரில் நான் முதலில் கேபிளைத்தான் பார்ப்பேன். நெட்வொர்க் கேபிளுக்கான தரநிலைகள் முழுச் செப்பையே கேட்கின்றன. ஆனால் கடைகளில் அந்த மற்ற கேபிள் தாராளமாகக் கிடைக்கிறது, தடுப்பார் யாரும் இல்லை. உங்களை ஏமாற்றுவது மட்டும் கஷ்டம். லேத்காரருக்கு அலுமினியம் தெரியாதா? கம்பி முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் சுருளோடு திருப்பி அனுப்புங்கள்.

இதைவிடப் பெரிய கொள்ளை பாஸ்வேர்டு. வேலை முடிந்ததும் உங்கள் போனில் ஆப்பைப் போட்டுக் காட்டிவிட்டு, ரெக்கார்டரின் முதன்மைப் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் ஒரு கேமரா திரும்பிக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும், அவர் கேட்டதைத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் பட்டறை எப்போது ஆளில்லாமல் இருக்கிறது என்பதை அவரும் அவரிடம் வேலை செய்கிற பையனும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன், அவர் முன்னாலேயே முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். தயங்கினால் பணத்தை நிறுத்துங்கள். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016இல் வந்த மிராய் என்ற தீங்கு நிரல் போதும். 60 சொச்சம் வழக்கமான பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை முயன்று பார்த்தே கணக்கற்ற கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்து, அந்த அக்டோபரில் பெரிய இணையதளங்களையே முடக்கிப் போட்டது.

காப்பீடு வைத்திருந்தால், எந்தத் தர அலாரம் வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 50131இல் நான்கு படிகள் உண்டு, சில காப்பீட்டாளர்கள் இத்தனையாவது படி என்று கேட்பார்கள். வாங்குவதற்கு முன் கேட்டால் யாரும் தெளிவாகப் பதில் சொல்வதில்லை. திருட்டு நடந்த மறுநாள் மட்டும் சான்றிதழ் எங்கே என்று எல்லாருக்கும் நினைவு வந்துவிடுகிறது. இந்தக் கூத்தில் எனக்குப் பொறுமை போய் வெகுகாலம் ஆகிறது.

வேலையாட்களிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள், ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக வைஃபை. பட்டறைக்கு வேண்டாம். தகர ஷீட்டும் இரும்பு மெஷினும் அலையை விழுங்கும், அலையைக் குழப்பும் கருவியும் திருடர்களுக்கு எட்டாத பொருளில்லை. எல்லாம் கேபிளில் போகட்டும். ஆனால் உங்கள் பின் ஷெட்டுக்கு மட்டும் இதே வாயால் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. தனித்தனி இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 30 மீட்டர் செப்புக் கேபிளை இழுத்தால், நெட்வொர்க் கணக்கில் 100 மீட்டர் வரை தாங்கும்தான். ஆனால் பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் அந்தக் கேபிள் வழியாகவே இரண்டு பக்கமும் எரியலாம், ரெக்கார்டரும் சேர்ந்து போகலாம். இரண்டு கட்டடத்து எர்த்தும் ஒன்றுபோல இருக்காது என்பது இன்னொரு தலைவலி. நல்ல வழி ஃபைபர் கேபிள், அதில் மின்சாரம் பாயாது. ஃபைபர் போட ஆள் கிடைக்காவிட்டால், ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி இரு முனையிலும் மாட்டும் வயர்லெஸ் பிரிட்ஜ் ஜோடி. இது வீட்டு ரவுட்டரின் வைஃபை இல்லை, ஒரே திசையில் குறுகலாக அனுப்புவது. இரண்டும் தகரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். நடுவில் லாரி நிற்கும் இடமா, வளர்கிற மரம் இருக்கிறதா என்று பாருங்கள், இன்று தெரிகிற வழி ஆறு மாதத்தில் இலையால் மூடிவிடும். ஷெட் கேமரா அங்கே இருக்கும் பிரிட்ஜுக்குக் கேபிளில்தான் போக வேண்டும், கேமராவுக்குள் மெமரி கார்டும் இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தாலும் பதிவு நிற்காது. இரு முனைக்கும், உங்கள் ரவுட்டருக்கும் யுபிஎஸ். ஷெட்டுக்குத் தனியாக ஒரு காந்த சென்சாரும் ஒரு சைரனும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன். அந்தச் செப்பை ஏன் ஷெட்டில் போட்டு வைத்திருக்கிறீர்கள்? பட்டறைக்குள் ஒரு மூலை ஒதுக்கி அங்கே கொண்டுவந்துவிட்டால் ஷெட்டைப் பற்றி மேலே சொன்னது எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. அது முடியுமா என்று முதலில் பாருங்கள், அப்புறம் கொட்டேஷன்காரரைக் கூப்பிட்டு, நேரில் வந்து பின்கதவைப் பார்த்துவிட்டுப் புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள்.