மாநிலப் போட்டிக்கு 3 வாரம்தான் இருக்கிறது, இனி பயிற்சியைக் கூட்டலாமா?

மண்டபம் கடற்கரை மணலில் ஓடிப் பழகும் உங்கள் தம்பி, 1500 மீட்டருக்காக இனி இரண்டு வேளையும் ஓடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இப்போது குறைக்க வேண்டிய நேரம்.

ஒலிம்பிக் அளவில் ஓடுகிறவர்கள் கடைசி 2 வாரம் தூரத்தை 40 முதல் 60 சதவீதம் வரை குறைப்பார்கள். வேகத்தைக் குறைக்க மாட்டார்கள், அதுதான் முக்கியம். 400 மீட்டரை 10 தடவை ஓடியவர் 5 தடவை ஓடுவார், அதே வேகத்தில். மாதக்கணக்கில் சேர்ந்த களைப்பு இறங்கும், தசையில் மாவுச்சத்து நிரம்பும். இதனால் 2 சதவீதம் கிடைத்தாலும், 4 நிமிடத்தில் ஓடும் பையனுக்கு அது ஏறக்குறைய 5 விநாடி!

அப்புறம் மணல். காய்ந்த மணலில் கால் புதைவதால், அதே வேகத்துக்கு ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். கெண்டைக்கால் உரமேற நல்லதுதான். ஆனால் மணலில் பாதம் நின்று நிதானமாகத்தான் எழும்பும், டிராக்கில் சட்டென்று எழும்ப வேண்டும். அதனால் இனி கெட்டித் தரைக்கு மாறட்டும். அலை ஓர ஈர மணல் கெட்டிதான் என்றாலும் சரிவு, ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும்.

நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. ஓடும் முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். 1 கிலோ குறைந்தால் போனது ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர். உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ கொடுங்கள்.