பஞ்சமம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது பற்றி எழுதியபோது, பஞ்சமம் என்ற வடசொல்லுக்கு ‘ஐந்தாவது’ என்பதே நேர்ப்பொருள் என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் இசையோடு நிற்காமல் தேவாரப் பண், நிலப் பதிவேடு, பஞ்சாங்கம், மேடைப் பேச்சு எனப் பல பக்கம் சென்றிருக்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என் மகள் வயலின் கற்கிறாள். பஞ்சமம் ஐந்தாவது சுரம் என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். ஆனால், வீட்டிலுள்ள ஆர்மோனியத்தில் சட்ஜத்திலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக எல்லாக் கட்டைகளையும் எண்ணினால் பஞ்சமம் எட்டாவதாக வருகிறதே, எது சரி?
(வாசகி, தஞ்சாவூர்)

இரண்டும் சரி, எண்ணப்படுவதுதான் வேறு. சட்ஜம் எனப்படும் ‘ச’ முதலாக ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு பெயர்களை எண்ணினால் பஞ்சமமாகிய ‘ப’ ஐந்தாவது. ரி, க, ம, த, நி ஆகிய ஐந்தும் இவ்விரண்டு நிலைகளாகப் பிரிவதால் சுரத்தானங்கள் 12 ஆகின்றன. அவற்றை எண்ணினால் அதே ‘ப’ எட்டாவது. ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜத்தை வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். ஐந்தாவது வெள்ளைக் கட்டையில் பஞ்சமம் பேசும்.

வாத்தியங்களிலும் இந்தப் பெயர் தந்தியின் வரிசையைக் குறிப்பதில்லை. வீணையில் முதல் தந்தியாகிய சாரணிக்கு அடுத்த இரண்டாம் தந்திக்குப் பஞ்சமம் என்று பெயர். தம்புராவில் முதலில் மீட்டப்படும் தந்தி பஞ்சமம். உங்கள் மகளின் வயலினில், நம் முறைப்படி சுருதி சேர்த்திருந்தால், முதல் தந்தியும் மூன்றாம் தந்தியும் பஞ்சமத்தில் நிற்கும். தந்தி எங்கே இருந்தாலும் சுரவரிசையில் அதற்குள்ள இடத்தை வைத்தே பெயர் வழங்குகிறது.

ஆனால், ஐந்தாவது என்ற எண்ணைவிட, சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள உறவே செவிக்கு முக்கியமானது. சட்ஜம் நொடிக்கு 240 அதிர்வுகள் என்றால் பஞ்சமம் 360. அதாவது இரண்டுக்கு மூன்று என்னும் விகிதம். மேல்நிலைச் சட்ஜத்தை விட்டுவிட்டால், சட்ஜத்தோடு இவ்வளவு எளிய விகிதத்தில் பொருந்தும் சுரம் வேறொன்றும் இல்லை. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் சட்ஜத் தந்தி ஒன்றை மட்டும் மீட்டினாலே, கூர்ந்து கேட்பவருக்கு அதனுள்ளிருந்து மேல்நிலைப் பஞ்சமம் எழுவது தெரியும்.

இந்த உறவைப் பழந்தமிழிசை மிக நுட்பமாகக் கண்டிருந்தது என்பதே இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு நரம்புகளில், அதாவது சுரங்களில், ஐந்தாவதாகிய இளியே பஞ்சமம். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு எழுந்த உரைகளில், நின்ற நரம்பிலிருந்து ஐந்தாவதாக வரும் நரம்புக்குக் கிளை என்று பெயர். நான்காவது நட்பு, ஆறாவதும் மூன்றாவதும் பகை. குரலுக்குக் கிளை இளி. இளியை ஒன்றாக வைத்து மேலே எண்ணினால் ஐந்தாவதாகத் துத்தம் வரும். துத்தத்துக்கு விளரியும், விளரிக்குக் கைக்கிளையும் அவ்வாறே அமையும். இப்படிக் கிளை கிளையாகப் பிறந்த ஐந்து நரம்புகளையும் ஒரே நிலைக்குள் ஏறுவரிசையில் வைத்தால் ச, ரி, க, ப, த என்று வரும். அதை நாம் இன்று மோகனம் என்று பாடுகிறோம். ‘ஐந்தாவது’ என்ற வெறும் எண்ணை இசைவாணர்கள் உறவுப் பெயராக்கி, அந்த உறவை நான்கு முறை தொடர்ந்து ஒரு பண்ணையே பெற்றிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு இந்த ஐந்து நரம்புகளின் பிறப்பை வயலினிலேயே வாசித்துக் காட்டச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்ஜமும் பஞ்சமமும் அசையாச் சுரங்கள் என்று இன்று பாடம் சொல்கிறோம். ஆனால், எல்லாக் காலத்திலும் அப்படியே இருந்துவிடவில்லை. பரதரின் நாட்டிய சாத்திரத்தில் கிராமம் என்பது அடிப்படைச் சுரவரிசை, சுருதி என்பது சுரங்களுக்கிடையிலான நுண்ணிய அளவு. அந்நூல் கூறும் சட்ஜ கிராமத்தில் நான்கு சுருதி பெற்ற பஞ்சமம், மத்தியம கிராமத்தில் ஒரு சுருதி தாழ்ந்து மூன்று சுருதியோடு நின்றது. அந்தக் கிராமம் வழக்கொழிந்த பின்னரே பஞ்சமத்தின் இடம் ஒன்றாக நிலைத்தது.

தேவாரத்தில் ‘பஞ்சமம்’ என்றும் ‘காந்தார பஞ்சமம்’ என்றும் பண்கள் உள்ளன. இவற்றுக்கும் பஞ்சம சுரத்துக்கும் தொடர்பு உண்டா?
(வாசகர், சீர்காழி)

தேவாரத்தில் இவை முழுப் பண்களின் பெயர்கள். சம்பந்தரின் ‘துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்’ என்னும் திருவைந்தெழுத்துப் பதிகமும், நாவுக்கரசரின் ‘சொற்றுணை வேதியன்’ பதிகமும் காந்தார பஞ்சமம். சேந்தனார் அருளிய திருப்பல்லாண்டுக்குப் பண் பஞ்சமம். ஓதுவார்கள் இன்று காந்தார பஞ்சமத்தைக் கேதாரகௌளையிலும் பஞ்சமத்தை ஆகிரியிலும் பாடுகிறார்கள்.

பெயரின் பின்னணியை அறிய, புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள குடுமியான்மலைக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே பாறையில் வெட்டியுள்ள, ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு, மத்தியம கிராமம், சட்ஜ கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்தியமம், கைசிகம் என்னும் ஏழு கிராம இராகங்களுக்குச் சுரக்கோவைகளைத் தருகிறது. சம்பந்தரும் நாவுக்கரசரும் அதே நூற்றாண்டினர். அவர்களுடைய பண்களில் பஞ்சமம், சாதாரி, கௌசிகம் என்ற பெயர்கள் இருப்பதைப் பாருங்கள். வடமொழி இசைநூல்களில் வழங்கிய பெயர்களும், செவ்வழி, வியாழக்குறிஞ்சி போன்ற தமிழ்ப் பெயர்களும் ஒரே பண்வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் காலம் அது. பெயர் ஒன்றாயிருப்பதால், கல்வெட்டிலுள்ள பஞ்சமத்தையும் இன்று கோயிலில் கேட்கும் பஞ்சமத்தையும் ஒன்றென்று கொள்ளக் கூடாது. இடையில் ஓடிய நூற்றாண்டுகளில் பாடுமுறை வெகுவாக மாறியிருக்கிறது.

பஞ்சமி நிலம் என்பது பஞ்சமித் திதியன்று தானமாகக் கொடுத்த நிலமா?
(வாசகர், செங்கற்பட்டு)

இல்லை. நீங்கள் செங்கற்பட்டிலிருந்து எழுதியிருப்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் இந்த நிலத்தின் வரலாறு உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்குகிறது. அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் வறுமைக்கும் அடிமைநிலைக்கும் அவர்களிடம் நிலமின்மையே வேர் என்று 1891-இல் அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு பிறப்பித்த ஆணையின்படி அம்மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பின்னும் அதே வகுப்பினருக்கு அல்லாமல் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறி நிலங்கள் பெருமளவில் கைமாறியதனால்தான் மீட்புப் போராட்டம் இன்றும் நடக்கிறது.

இங்கே பஞ்சமி என்ற பெயர் பஞ்சமர் என்பதிலிருந்து வந்தது. நால்வருணத்துக்கு வெளியே ஐந்தாவதாக வைக்கப்பட்டோர் என்று பொருள். மனுநூலின் பத்தாம் அத்தியாயம் நான்காம் சுலோகம், நான்கு வருணங்களைச் சொல்லி, ஐந்தாவது என்று ஒன்று இல்லை என்கிறது. இல்லை என்று நூல் சொன்ன இடத்தில் மக்களை நிறுத்தி, அந்த எண்ணையே அவர்களுக்குப் பெயராகச் சூட்டியது கொடுமை. பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னையில் தொடங்கிய பள்ளியும் பஞ்சமர் இலவசப் பள்ளி என்றே வழங்கியது. அயோத்திதாசப் பண்டிதர் இந்தப் பெயரை ஏற்க மறுத்துத் தம் எழுத்துகளில் கண்டித்தார். சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, 1922-இல் அரசுப் பதிவேடுகளில் பஞ்சமர் முதலிய பெயர்களுக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்பது வந்தது. ஆட்களைக் குறித்த பெயர் அவ்வாறு நீங்கினாலும், நிலத்தைக் குறித்த பெயர் மட்டும் தங்கிவிட்டது. நில உரிமை கோருவோர் அந்தப் பெயரை இன்று தம் உரிமைக்குச் சான்றாக எடுத்துக் காட்டுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதே சொல்லுக்குச் சற்று வேறான பொருள் உண்டு. அங்கே பஞ்சமர் என்பது ஒடுக்கப்பட்ட ஐந்து சமூகத்தவரைத் தொகுத்துக் குறிக்கும். ஒடுக்குமுறை ஒன்றேயாயினும், தமிழ்நாட்டில் ஐந்தாவதைச் சுட்டும் சொல் அங்கே ஐவகையினரைச் சுட்டுகிறது.

அப்படியானால் தனிஷ்டா பஞ்சமி என்பது திதியா? என் மாமனார் காலமானபோது இதைச் சொல்லி ஓர் அறையைப் பூட்டி வைத்தார்கள்.
(வாசகி, கும்பகோணம்)

அதுவும் திதியன்று. பஞ்சமித் திதி, அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ பின் ஐந்தாவதாக வருவது. வளர்பிறையில் ஒன்றும் தேய்பிறையில் ஒன்றுமாக மாதம் இருமுறை வரும். தனிஷ்டா என்பது அவிட்ட நட்சத்திரத்தின் வடமொழிப் பெயர். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்னும் ஐந்து நட்சத்திரங்களின் தொகுதியே தனிஷ்டா பஞ்சமி. வட இந்தியாவில் இதைப் பஞ்சகம் என்கிறார்கள். தொகுதியைக் குறிக்க அதுவே பொருத்தமான சொல். இந்த நட்சத்திரங்களில் மரணம் நேர்ந்தால் வீட்டை அல்லது அறையைச் சில மாதங்கள் அடைத்து வைப்பது பழைய நம்பிக்கை. இழப்போடு இருக்கும் குடும்பத்தை அச்சுறுத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே என் எண்ணம்.

ஐந்தாம் வேதம், ஐந்தாம் படை: இரண்டிலும் உள்ள ஐந்து எப்படி வந்தது?
(வாசகர், மதுரை)

இரண்டிலும் நான்கு முன்பே இருக்கின்றன. இருக்கு, யசுர், சாமம், அதர்வணம் என்னும் நான்கோடு சேர்த்து மகாபாரதத்தை ஐந்தாம் வேதம் என்பது வழக்கம். நாட்டிய சாத்திரமும் தன்னை அவ்வாறே கூறிக்கொள்கிறது. இருக்கிலிருந்து சொல்லையும், சாமத்திலிருந்து பாட்டையும், யசுரிலிருந்து அபிநயத்தையும், அதர்வணத்திலிருந்து சுவையையும் எடுத்துப் பிரமன் அதைப் படைத்தான் என்பது அதன் முதல் அத்தியாயச் செய்தி. ஐந்தாம் படை என்பது 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிறந்தது. மாட்ரிட் நகரை நோக்கி நான்கு படைகள் செல்லும்போது, நகருக்குள் மறைந்திருக்கும் ஆதரவாளர்களே ஐந்தாவது என்ற பேச்சு கிளர்ச்சிப் படைத் தளபதி மோலாவின் பெயரோடு பரவியது. முன்னதில் ஐந்தாவது உயர்வு, பின்னதில் துரோகம்.

இந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. அந்த இராகம் பாடும்போது தம்புராவில் பஞ்சமம் ஒலித்துக்கொண்டிருப்பது தவறில்லையா?
(இசை மாணவர், சென்னை)

நம் மேடைகளில் பெரும்பாலும் பஞ்சமத்தை மாற்றாமலேயே பாடுகிறார்கள். கச்சேரியில் அடுத்த இராகத்துக்கு உடனே செல்ல வேண்டியிருப்பதால் இது நடைமுறைக்கு உகந்தது. இந்துஸ்தானி இசையில், நம் இந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸ் பாடும்போது அந்தத் தந்தியை மத்தியமத்துக்கு இறக்கிவிடுவார்கள். வீட்டில் தனியாகச் சாதகம் செய்யும் மாணவர் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தோளத்தில், ‘ம’வின் தாழ்ந்த நிலையாகிய சுத்த மத்தியமமே உயிர்நிலை. தம்புரா அதையே சொல்லும்போது காந்தாரமும் தைவதமும் தம் இடத்தில் அமர்வதைத் தெளிவாகக் கேட்கலாம். பஞ்சமம் இல்லாத ஸ்ரீரஞ்சனி இராகத்துக்கும் இது பொருந்தும். அதேபோலப் பஞ்சமம் இல்லாத ரஞ்சனியில் இருப்பதோ ‘ம’வின் உயர்ந்த நிலையாகிய பிரதிமத்தியமம். சட்ஜத்தோடு ஒத்திசையாத அதை ஆதாரமாக வைக்க முடியாது. ஆகையால் அங்கே பஞ்சமத் தந்தியை மெல்ல மீட்டிக்கொள்வதே நல்லது.