முதுகு மட்டும் ஏன் குளிர்கிறது?

கேள்வி: கூடாரத்தில் காற்று மெத்தை போட்டு, தடித்த ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தும் முதுகு சில்லிடுகிறது. விடிவதற்குள் மெத்தையும் தொய்ந்துவிடுகிறது. ஓட்டையா?

பதில்: பெரும்பாலும் ஓட்டை இருக்காது. இரவு குளிரக் குளிர மெத்தைக்குள் இருக்கும் காற்று சுருங்கும். மாலையில் காற்றடித்தாலும், படுக்கும் முன் இன்னொரு முறை கொஞ்சம் அடியுங்கள். கல் மாதிரி இறுக வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு தரையைத் தொடக்கூடாது, அதுதான் அளவு.

முதுகுக் குளிருக்குக் காரணம் வேறு. பேக்கின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கி, சூட்டைத் தேக்கும் திறனை இழந்துவிடுகிறது. வெறும் காற்று மெத்தையோ, உள்ளே காற்று சுழல்வதால் உடல் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். இன்னும் தடித்த பேக் வாங்குவது வீண்செலவு. மெத்தையின் மேல் ஒரு ஃபோம் பாய் விரியுங்கள். புது மெத்தை வாங்குவதானால், சூடு தரைக்குப் போகாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் ‘ஆர்’ (R) மதிப்பைப் பாருங்கள்: கோடைக்கு 2 போதும், உறைநிலையை ஒட்டிய குளிருக்கு 4க்கு மேல் வேண்டும். இரண்டு பாய்களை அடுக்கினால் இந்த மதிப்புகள் கூடும்.

தரை சரிவென்றால் தலையை மேட்டுப்பக்கம் வையுங்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுத் திறப்புகளை மூடாதீர்கள். மூச்சின் ஈரம் உள்துணியில் நீர்த்துளியாகப் படிந்து படுக்கையை நனைத்துவிடும்.